ஹங்கேரி ஆட்டமும் ரோமா பாட்டும்: வயலின், தவில், தப்பு வைத்துக்கொண்டு 12 நிமிடம் ஒப்பேற்ற முடியுமா?

மஞ்சளாறு கேட்டது:

மயிலாடுதுறைப் பக்கம் 14 பேர் கொண்ட இளைஞர் குழு. வயது 16 முதல் 24 வரை. கரகம், ஒயில், தப்பாட்டம், கும்மி கைவசம். தை மாதம் ஒரு கல்லூரி விழாவில் வெளிநாட்டு நாட்டுப்புறக் கலை வரிசையில் எங்களுக்கு ஹங்கேரி விழுந்திருக்கிறது. ஜிப்சி என்று பிறர் அழைக்கும் ரோமா மக்களின் இசையும் அதில் வரவேண்டுமாம். 12 நிமிடம், நேரடி இசை கட்டாயம், பதிவு போடக் கூடாது.

கையில் இருப்பது: கர்நாடக வயலின் 2, தவில் 1, தப்பு 3, நன்றாகப் பாடும் பெண்கள் 4, தந்தி இல்லாத பழைய வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரியது) 1. ஆட 8 பேர்.

சந்தேகங்கள்:
1. வீடியோ பார்த்து சார்டாஷ் (ஹங்கேரி ஜோடி ஆட்டம்) காலடி எடுத்தால் எண்ணிக்கை சரியாக வருகிறது, ஆனால் பாட்டோடு ஒட்டவே மாட்டேன் என்கிறது. எங்கே பிழை?
2. தவிலை உள்ளே கொண்டுவரலாமா?
3. ரோமா பாட்டுக்கு என்ன வாத்தியம்?
4. ஆணும் பெண்ணும் தோளும் இடுப்பும் பிடித்து ஆடுவதற்குச் சில வீடுகளில் சம்மதமில்லை. மாற்று உண்டா?
5. அங்கே இளம்பிள்ளைகள் இதையெல்லாம் எப்படிக் கற்கிறார்கள்? எங்கள் குழுவுக்கு ஆகுமா?

---

மூணுதந்தி பதில்:

தம்பி, ஹங்கேரி ஆட்டம் என்று ஒன்று தனியாக இல்லை. தமிழ்நாட்டு ஆட்டம் எது என்று கேட்டால் நாம் என்ன சொல்வோம்? அப்படித்தான். ஸேக், மெஸேஷேக், கலோடஸெக், ஜிமெஷ் என்று வட்டாரத்துக்கு ஒரு வில்லடி, ஒரு காலடி. இந்த நான்குமே இன்றைய எல்லைப்படி ருமேனியாவுக்குள், டிரான்சில்வேனியாப் பக்கம் இருக்கின்றன. ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொண்டு அதிலேயே நில்லுங்கள். நாலு ஊர் சரக்கை ஒரே தட்டில் போட்டால் தெரிந்தவன் முகம் சுளிப்பான், தெரியாதவனுக்கும் சுவை தெரியாது.

காலடி ஏன் ஒட்டவில்லை என்றால், நீங்கள் சமத்தை (தாளம் தொடங்கும் இடத்தை) தப்பான இடத்தில் எடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மெதுவான சார்டாஷுக்குப் பின்னணியில் ஓடும் வில்லடிக்குத் தூவே என்று பெயர். வில் திரும்பும் இடத்தில் தாளம் விழும், ஆனால் அழுத்தம் அங்கே இல்லை. அதே இழுப்பின் பின்பாதியில், வில்லைத் திருப்பாமலே ஒரு அமுக்கு அமுக்குவார்கள். நம் காது உரத்த அடியைச் சமம் என்று பிடித்துப் பழகியது. அதனால் எண்ணிக்கை சரியாக இருந்தும் அரை எண்ணிக்கை தள்ளிப்போய்விடுகிறது. பாட்டை விட்டுவிட்டு பாஸை (கீழ்நாதம் தரும் பெரிய தந்தி வாத்தியத்தை) மட்டும் கேட்டுக் கால் வையுங்கள், இரண்டு நாளில் சரியாகும். வேகமான பகுதியில் வேறு அடி: பாஸ் தாளத்தில், மற்றது எதிரடியில். அதற்கு எஸ்டம் என்று பெயர். அங்கே இந்தக் குழப்பம் வராது.

இனி வயோலா. உங்கள் கையில் இருப்பது புதையல். டிரான்சில்வேனியாக் குழுவில் மூன்று பேர்: பாட்டு எடுக்கும் முதல் வயலின்காரர், அவர் ப்ரீமாஷ். நடுவில் கொன்ட்ரா. கீழே பாஸ். கொன்ட்ரா என்பது மூன்றே தந்தி போட்ட, குதிரை (தந்திகளைத் தாங்கும் கட்டை) தட்டையாக வெட்டப்பட்ட வயோலா. மூன்று தந்தியையும் வில் ஒரே நேரத்தில் தொடும், அதனால் எப்போதும் மூன்று ஸ்வரம் சேர்ந்தே ஒலிக்கும்.

செய்முறை:

பழைய குதிரையை வெட்டாதீர்கள். மலிவான புதுக் குதிரை ஒன்று வாங்கி அதன் மேல்விளிம்பை நேர்கோடாக அரத்தால் தேய்க்கவும். வழக்கமாக வரும் தவறு, உயரத்தை ஓரத் தந்திக்குப் பார்த்து வெட்டுவது. விரல்பலகை நடுவில் மேடு, ஓரத்தில் சரிவு. ஓரத்துக்குப் பார்த்து வெட்டினால் நடுத்தந்தி பலகையில் இடித்து இரையும். நடுத்தந்திக்குப் போதிய இடைவெளி விட்டு வெட்டுங்கள். ஓரத் தந்திகள் கொஞ்சம் உயரமாக நிற்கும், விரல் வலிக்கும், பரவாயில்லை.

தந்தி ஜி, டி, ஏ (மேற்கத்திய ஸ்வரப் பெயர்கள்) என்ற வரிசை. ஆனால் இந்த ஏ, வயோலாவின் வழக்கமான ஏ இல்லை, அதற்கு ஒரு ஸ்தாயி கீழே. அதற்கு இன்னொரு ஜி தந்தியை வாங்கி ஒரு முழு ஸ்வரம் ஏற்றிக் கட்டுங்கள். வழக்கமான ஏ தந்தியையே இறக்கினால் கயிறு மாதிரித் தொங்கும். நம் கணக்கில் ஜியை ஸட்ஜமாக வைத்தால் தந்திகள் ஸ, ப, சதுஸ்ருதி ரி. ரி தந்தியில் மட்டும் ஒரு விரல் வைத்து அந்தர காந்தாரம் ஆக்கினால் ஸ க ப சேர்ந்து ஒலிக்கும். அதே அமைப்பை அப்படியே மேலே நகர்த்தினால் மற்ற சுருதிகளும் கிடைக்கும். முதல் நிகழ்ச்சிக்கு மூன்று இடம் தெரிந்தால் போதும். வாத்தியத்தை மார்போடு பக்கவாட்டில் திருப்பிப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் வில் தரைக்கு இணையாக ஓடும், கை சீக்கிரம் சோராது.

வயலின்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஸபஸப சுருதி வேண்டாம், ஜி, டி, ஏ, இ என்ற மேற்கத்தியச் சுருதி வைத்துக்கொள்ளுங்கள். உட்காராதீர்கள். கமகத்தைக் குறையுங்கள், அங்கே அலங்காரம் என்பது சிறு சொடுக்கு மட்டும். பழைய பாட்டுகள் பல ஐந்து ஸ்வரத்தில் இருக்கும், காதுக்கு நேராகச் சுத்த தன்யாசி. உடனே கை தானாக அசைய ஆரம்பிக்கும், அங்கேதான் காரியம் கெடும். முதல் பாதியில் வந்ததையே இரண்டாம் பாதியில் ஐந்து ஸ்வரம் கீழே இறக்கிப் பாடுவது இந்தப் பாட்டுகளின் குணம். ‘ஃபெல்ஸாலோத் அ பாவா’ அதற்கு நல்ல உதாரணம். பெயரின் பொருள் ‘மயில் பறந்தெழுந்தது’. மயிலாடுதுறைக்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? பாடும் நால்வரும் இதிலிருந்து தொடங்கட்டும்.

தவில்: முழுத் தவில் வேண்டாம். ஒரு தீர்மானம் (மூன்று முறை அடித்து முடிக்கும் கோர்வை) வைத்தால் கொன்ட்ராவின் எதிரடி காணாமல் போகும். ஆனால் விட மனமில்லை என்றால் கிளையை மாற்றி ஜிமெஷுக்குப் போங்கள். அங்கே குழு என்றால் ஒரு வயலின், ஒரு கர்தொன், அவ்வளவுதான். கர்தொன் பார்க்க செல்லோ (பெரிய வயலின் போன்றது) மாதிரி, ஆனால் வில் கிடையாது. எல்லாத் தந்தியும் ஒரே ஸ்வரம், கோலால் அடித்தும் விரலால் இழுத்துச் சுண்டியும் தாளம் போடுவார்கள். பெரும்பாலும் கணவன் வயலின், மனைவி கர்தொன். தவிலின் தொப்பிப் பக்கம், அதாவது இடது முகம் மட்டும், குச்சியால், தோலைக் கொஞ்சம் தளர்த்தி அடித்தால் அந்த வேலைக்கு ஏறக்குறைய வரும். வலந்தலையைத் தொடக் கூடாது, விரல் கூடு மாட்டவே வேண்டாம். ஒரு சிக்கல் என்னவென்றால், ஜிமெஷ் ஆட்டங்கள் சிலவற்றில் தாளம் சமமாக விழாது. புதியவர்களுக்கு அது பெரிய தலைவலி. என் தேர்வு கொன்ட்ராதான்.

---

கும்மிக்கட்டு பதில்:

தங்கச்சிமார்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

சார்டாஷ் அடிப்படை: வலது கால் வலப்பக்கம், இடது சேர்ப்பு, மறுபடி வலது, இடது சேர்ப்பு. நாலு எண்ணிக்கை. பிறகு இடப்பக்கம் அதே. நாலாவது சேர்ப்பில் கால் தரையைத் தொடும், எடை மாறாது. எல்லாரும் தடுமாறும் இடம் இதுதான். எடையை வைத்துவிட்டால் அடுத்த பக்கத்துக்கு எழ வேண்டிய கால் மாட்டிக்கொள்ளும், ஜோடியில் ஒருவர் மற்றவர் காலை மிதிப்பார். எடுத்து வைக்கும் அடி ஒரு செங்கல் நீளத்துக்கு மேல் போகக் கூடாது. ஒயிலில் வீசி வைத்துப் பழகியவர்கள் இதில் சுருக்க மறந்துவிடுகிறார்கள்.

சுழற்சியில் ஒரு கால் முழுப்பாதமாகத் தாழ்ந்து வைக்கும், மற்றது முன்பாதத்தால் தள்ளும். தாழ்வு, எழும்பல், தாழ்வு, எழும்பல். இருவரும் சம அளவு பின்னுக்குச் சாய்ந்து, எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டும். தரையைப் பார்த்தால் தலை சுற்றும். பிடி தளர்ந்தால் வட்டம் பெரிதாகிப் பக்கத்து ஜோடியில் மோதும். பாட்டு ஒருமுறை முடியும்போது திசை மாற்றுங்கள்.

நாலாவது கேள்விக்கு நல்ல வழி இருக்கிறது, வீட்டாரோடு சண்டை போடவே வேண்டாம். ஹங்கேரியில் பெண்கள் மட்டும் வட்டமாகக் கைகோத்து ஆடும் கரிகாஸோ உண்டு. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் வாத்தியம் வைத்து ஆடத் தடை. அந்த நாட்களில் பெண்கள் தாங்களே பாடி, வாத்தியமே இல்லாமல் ஆடினார்கள். நம் கும்மியின் அக்கா மாதிரி, கைதட்டல்தான் கிடையாது. கை கோப்பது அடுத்தவரை விட்டு அதற்கடுத்தவரோடு, முன்னாலோ பின்னாலோ குறுக்காக. ஆறு பேருக்குக் குறைந்தால் வட்டம் இழுத்துக்கொண்டு கோணலாகிவிடும். ஆடும் பெண்கள் போதாவிட்டால் பாடும் பெண்களையும் வட்டத்துக்குள் விட்டுவிடுங்கள், அவர்கள் ஆடிக்கொண்டே பாடுவதுதான் முறை. மூச்சு வாங்கும். அதனால் ஆரம்பத்தில் நடை மட்டும், இரண்டாம் பாட்டில் துள்ளல்.

பையன்களுக்கு லெகேனியெஷ், தனி ஆட்டம். கலோடஸெக் வட்டாரத்தில் புகழ் பெற்றது. பூட்ஸின் தண்டில் கையால் அறைவது இதன் உயிர். அந்த அடிக்குச் சபாஷ் என்றே பெயர், நம் காதுக்கு அப்படித்தான் விழும். ஒவ்வொரு துண்டும் எட்டு வரிசைக் கணக்கில் ஓடி, முடிவில் ஒரு முத்தாய்ப்பு அடியோடு நிற்கும். தீர்மானம் புரிந்த பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடும். ஆனால் மூன்று முறை வைத்து முடிக்கும் பழக்கத்தை இங்கே நுழைத்தால் பாட்டு முடிந்த பிறகும் கால் ஓடிக்கொண்டிருக்கும்.

பூட்ஸ் இல்லாமல் கெண்டைக்காலில் அறைந்தால் ஒலி வராது, தடிப்புதான் வரும். சாதாரணத் தோல் ஷூவுக்கு மேல் கெட்டியான தோல் அல்லது ரெக்சின் உறை ஒன்று முழங்காலுக்கு நாலு விரல் கீழே வரை கட்டிக்கொள்ளுங்கள். கையைக் குழித்து அடித்தால் ஒலி, விரித்து அடித்தால் வலி. தரை முக்கியம். சிமெண்டில் பழகினால் முட்டி போய்விடும். சட்டத்தின் மேல் 18 மி.மீ. ப்ளைவுட் இரண்டு பலகை போட்டால் ஒலியும் கிடைக்கும், காலும் பிழைக்கும். களத்து மண்ணில் ஆடினால் சுழற்சியில் முன்பாதம் புதையும்.

---

கொள்ளிடக் காற்று பதில்:

ரோமா பகுதிக்கு வருகிறேன். இதில்தான் நம் ஊரில் அதிகம் தப்பு நடக்கும்.

ஹங்கேரியில் ரோமா மக்கள் ஒரே கூட்டம் இல்லை. ஹங்கேரிய மொழி பேசும் ரோமுங்ரோ பிரிவில் பலர் பரம்பரை வாத்தியக்காரர்கள். கிராமத்துக் கல்யாணத்திலும் நகரத்து உணவு விடுதியிலும் வயலின், சிம்பலோம் (கோலால் தட்டும் தந்தி வாத்தியம்) வாசித்தவர்கள். ஒலாஹ் பிரிவினர் ரோமானி மொழி பேசுவோர். பேயாஷ் பிரிவினர் ருமேனிய மொழியின் பழைய வடிவம் பேசுவோர். விடுதியில் ரோமுங்ரோ குழு வாசித்தது பெரும்பாலும் வாடிக்கையாளர் கேட்ட ஹங்கேரியப் பாட்டு. ஒலாஹ் வீட்டுக்குள் பாடியது முற்றிலும் வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியவர்களில் இசைமேதை லிஸ்ட்டும் ஒருவர். 1859இல் அவர் எழுதிய நூல் கிளப்பிய சர்ச்சை வெகுகாலம் ஓயவில்லை. சிம்மேந்திரமத்யமம் ராகம் போல ஒலிக்கும் விடுதிப் பாட்டை எடுத்து இதுதான் ரோமா என்று வைத்தால் நீங்களும் அதே தவறைச் செய்வீர்கள்.

உங்கள் குழுவுக்கு ஒலாஹ் முறை அருமையாகப் பொருந்தும், ஏனென்றால் அதில் வாத்தியமே வேண்டாம். இரண்டு வகைப் பாட்டு: உட்கார்ந்து கேட்கும் மெதுவான பாட்டு, ஆட்டத்துக்கான வேகப் பாட்டு. ஆட்டப்பாட்டில் வேலைகளைப் பிரித்துக்கொள்வார்கள்.

ஒருவர் சொல்லில்லாமல் நாக்கைச் சுழற்றி மெட்டைப் பாடுவார், பெர்கெதேஷ் என்று பெயர். இதைக் கொன்னக்கோல் என்று நினைக்க வேண்டாம். கொன்னக்கோல் தாளத்தைச் சொல்லும், இது மெட்டைச் சுமக்கும். சொற்கட்டு எவ்வளவு வேகமாக ஓடினாலும் ஸ்வரம் தவறக் கூடாது.

இன்னொருவர் வாயால் பாஸ். உதட்டை மூடித் திறந்து, வயிற்றிலிருந்து மூச்சைத் தள்ளி எதிரடி போடுவார். ஒருவரே முழுவதும் செய்தால் இரண்டு நிமிடத்தில் கிறங்கிவிடுவார், இருவராக மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

மூன்றாமவர் பால் கேன். ஆமாம், நம் பால்காரர் கொண்டுவரும் அலுமினியக் கேனேதான், கன்னா என்பார்கள். 10 லிட்டர் கேன், மூடி இல்லாமல், மடியில் சாய்த்து. வாய்ப்பக்கம் உள்ளங்கையால் தட்டினால் கீழ்நாதம், உடம்பில் விரலால் தட்டினால் கூர்மை. எவர்சில்வர் கேன் கிணுகிணுவென்று இழுக்கும், உள்ளே ஒரு துண்டுத் துணி போட்டு அடக்குங்கள். கடம் வேண்டாம், அதன் ஒலி வேறு. நாலாமவர் கையில் இரண்டு கரண்டி, முதுகோடு முதுகு வைத்துத் தொடையில் தட்டுவது. தப்பு மூன்றையும் ஓரமாக வைத்துவிடுங்கள், சூடேற்றிய தப்பின் முன் வாய் பாஸ் எடுபடாது.

ஆட்டத்தில் ஆணும் பெண்ணும் தொடுவதில்லை. எதிரெதிரே ஆடுவார்கள். ஆண் விரல் சொடுக்கு, மெல்லிய துள்ளல், காலில் சிறு தட்டு. பெண் பாதத்தைத் தரையை விட்டு அதிகம் எடுக்காமல் நகர்வாள். உங்கள் நாலாம் கேள்விக்கு இதுவும் விடை.

உடை விஷயம். காதில் வளையம், தலையில் துணிக்கட்டு, கையில் சீட்டுக்கட்டு என்று சினிமா ஜிப்சி வேஷம் போடாதீர்கள். நரிக்குறவர் உடையை எடுத்து மாட்டுவது அதைவிட மோசம். அறிவிப்பில் ஜிப்சி என்று சொல்லாமல் ரோமா என்று சொல்லுங்கள். அவர்கள் மொழி வட இந்திய மொழிக் குடும்பம். ஐந்துக்குப் பான்ஜ் என்பார்கள், நெருப்புக்கு யாக், அது அக்னியிலிருந்து வந்தது. 1978இல் தொடங்கிய கல்யி யாக் என்ற குழுவின் பெயருக்குக் கரிய நெருப்பு என்று பொருள். பஸப் கிராமத்திலிருந்து 1987இல் கிளம்பிய பார்னோ க்ராஸ்த், வெள்ளைக் குதிரை. இந்த இரண்டு குழுவும் வாசித்ததைத் தேடிக் கேளுங்கள், கேன் எப்படிப் பேச வேண்டும் என்று காது சொல்லிக்கொடுக்கும்.

---

வெண்ணாற்றங்கரை பதில்:

ஐந்தாவது கேள்வியை யாரும் தொடவில்லை.

1970 வாக்கில் ஹங்கேரியில் நாட்டுப்புற ஆட்டம் என்றால் மேடைக் காட்சிதான். எல்லாரும் ஒரே மாதிரி கால் தூக்குவார்கள், பார்க்கிறவன் கைதட்டிவிட்டுப் போவான். 1972 மே 6 அன்று புடாபெஸ்டில் ஆட்டக்குழுக்கள் சில கூடி, ஸேக் கிராமத்து வழக்கத்தைப் பார்த்து, பார்வையாளரே இல்லாத ஓர் ஆட்ட வீடு நடத்தினார்கள். டான்ஸ்ஹாஸ் என்ற சொல்லுக்கு அதுதான் பொருள். வாசித்தவர்கள் ஷெபே ஃபெரென்ஸ், ஹல்மோஷ் பேலா. ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்கும் முறையை வகுத்தவர் தீமார் ஷாந்தோர். பின்னால் நின்றவர் ஆய்வாளர் மார்ட்டின் ஜ்யோர்ஜ், ஊர் ஊராகப் போய் ஆட்டங்களைப் படம் எடுத்து வைத்தவர். 2011இல் யுனெஸ்கோ இந்த முறையை மரபு காக்கும் நல்ல நடைமுறைகளின் பட்டியலில் சேர்த்தது.

முறை எளிது. முதலில் சுமார் ஒரு மணி நேரம் பாடம், ஒரே வட்டாரம். பிறகு வாத்தியக்காரர்கள் நிறுத்தாமல் வாசிப்பார்கள், எல்லாரும் ஆடுவார்கள். தெரியாதவன் தெரிந்தவன் பக்கத்தில் நின்று கற்பான். சிறுபிள்ளைகளுக்குத் தனி நேரம். படிகளை வரிசையாக மனப்பாடம் செய்ய வைப்பதில்லை. பத்துப் பன்னிரண்டு துண்டு தெரிந்தால் ஆடுகிறவன் அந்தக் கணத்தில் கோத்துக்கொள்வான், ப்ரீமாஷ் அவன் காலைப் பார்த்து வாசிப்பார். மல்லாரி வாசிக்கும்போது நாதஸ்வரக்காரர் சுவாமி தூக்குவோர் நடையைப் பார்ப்பாரே, அதே கண்.

இந்த அடித்தளத்தின் மேல்தான் பிற்பாடு மற்றவை வந்தன. 2001இல் மரபு இல்லம் என்ற அரசு நிறுவனம், 2007இல் லிஸ்ட் இசைக் கழகத்தில் நாட்டுப்புற இசைத் துறை, 2012இல் மூணுதந்தி சொன்ன அதே மயில் பாட்டின் பெயரில் தொலைக்காட்சிப் போட்டி. ரோமாப் பிள்ளைகளுக்கு ஃபெல்ஷோஎர்ஷில் 2011இல் தொடங்கிய ஷ்னேட்பெர்கர் இசை மையம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. நகரத்து இளைஞர்கள் தேடிப்போய்க் கற்றது பல ஊர்களில் ரோமா வாத்தியக்காரர்களிடம். ஹங்கேரியர் வீட்டுக்கு ஹங்கேரியப் பாட்டு, ருமேனியர் வீட்டுக்கு ருமேனியப் பாட்டு என்று எல்லாவற்றையும் நினைவில் வைத்திருந்தவர்கள் அவர்கள். ஆட்டம் ஊருடையது, வாசிப்பவன் மட்டும் விளிம்பில் நிற்பவன். டெல்டாவில் சாவுக்கும் திருவிழாவுக்கும் தப்பு அடிக்கக் கூப்பிட்டுவிட்டு எங்கே நிறுத்தினார்கள் என்பது தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அறிவிப்பில் இரண்டு வரி இதற்கு ஒதுக்குங்கள்.

உங்கள் குழுவுக்கு: ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம். முதல் ஒரு மணி நேரம் துண்டு துண்டாகப் பாடம், அடுத்த ஒரு மணி நேரம் வாத்தியம் நிற்காமல் ஆட்டம், கண்ணாடியும் வேண்டாம் செல்போனும் வேண்டாம். அதே கூட்டத்தில் ஒரு வாரம் ஹங்கேரி, மறுவாரம் ஒயில் என்று மாற்றி வைத்தால் விழா முடிந்த பிறகும் கூட்டம் கலையாது. ஒயிலைக் கற்றுக்கொடுக்க வரும் வாத்தியாருக்குச் சம்பளம் கொடுங்கள், வேட்டி துண்டோடு அனுப்பிவிடாதீர்கள்.

---

மஞ்சளாறு:

அண்ணன்களுக்கும் அக்காவுக்கும் நன்றி. இப்படிப் பிரிக்கலாமா? கரிகாஸோ 2½ நிமிடம், லெகேனியெஷ் 2, கொன்ட்ராவோடு சார்டாஷ் மெதுவும் வேகமும் 4, ரோமா ஆட்டப்பாட்டு 3, மீதி அரை நிமிடம் அறிவிப்பு. சார்டாஷில் சம்மதம் உள்ள இரண்டு ஜோடி மட்டும். பாஸுக்குத் தவில் தொப்பி.

---

கும்மிக்கட்டு:

நேரம் சரி. லெகேனியெஷ் கலோடஸெக்கிலிருந்து எடுத்தால் சார்டாஷும் அங்கிருந்தே எடுங்கள். மெதுவிலிருந்து வேகத்துக்கு நழுவிப் போகக் கூடாது. மெது முடிந்ததும் வேகம் ஒரே வெட்டாக மாற வேண்டும். தப்பாட்டப் பிள்ளைகள் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பழகியவர்கள், அதைக் கவனியுங்கள். பயிற்சியில் மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 120இல் நின்று, பிறகு நேராக 160.

---

மூணுதந்தி:

தொப்பி சரிதான், ஆனால் கொன்ட்ரா மெதுவில் தூவே போடும்போது தொப்பியும் அதே பின்பாதியில் விழுந்தால் மறுபடி முதல் சிக்கலுக்கே வருவீர்கள். தொப்பி வில் திரும்பும் இடத்தில் மட்டும். இன்னொன்று, தை மாதப் பனியில் மாலை ஆறு மணிக்குச் சுருதி சேர்த்து எட்டு மணிக்கு மேடை ஏறினால் கொன்ட்ராவின் ஏற்றிக் கட்டிய ஏ தந்திதான் முதலில் நழுவும். முளையில் சாக்குக்கட்டித் தூள் தடவி, மேடைக்குப் பின்னால் இன்னொரு முறை பார்த்துவிட்டு ஏறுங்கள். கூடுதல் ஜி தந்தி ஒன்று பையில் இருக்கட்டும்.